மாமனார் கோட்டில் நடந்த போணி

இடம் வாங்கிப் போட்டவன் வாடகையை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். நானும் கடை போடுகிறேன் என்று கிளம்பினால் என் கதிதான்.

கோயம்புத்தூரில் ஃப்ளாட் வாங்க வைத்திருந்த பணத்தில், அரவேணுவில் ஞாயிறுதோறும் பழைய சாமான் சந்தை கூடும் மைதானத்தையே வாங்கிவிட்டேன். (வீட்டில் எப்படி விட்டார்கள் என்று கேட்காதீர்கள். பாதிப் பணம் மாமனாருடையது.) அவர் குன்னூரில் காலமெல்லாம் ஜவுளிக்கடை நடத்தியவர். ஒரு ஞாயிறு நேரில் வந்து பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் இடத்தை விற்றுவிட்டு ஃப்ளாட்டே வாங்க வேண்டும் என்று பேச்சு.

அந்த ஞாயிறு எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தை நிரம்பித் தெரிய வேண்டுமே என்று, காலியாகக் கிடந்த ஒரு கடையில் எங்கள் வீட்டுப் பழைய ஸ்வெட்டர்களையும் குக்கரையும் பரப்பி நானே உட்கார்ந்தேன். மாமனார் வந்தார். பனி விலகி வெயில் அடித்ததும் கோட்டைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டு, மற்ற கடைகளைப் பார்க்கப் போனார்.

அப்போதுதான் எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒருவர் வந்து, ஒரு கோட்டை எடுத்து விலை கேட்டார். என் வாழ்க்கையின் முதல் வாடிக்கையாளர்! கோட்டையா பார்த்தேன்? அவர் முகத்தைத்தான் பார்த்தேன். கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு, போணி ஆகிவிட்டது என்று சந்தைக்கே கேட்கும்படி கூவினேன்.

மாமனார் சிரித்த முகத்தோடு திரும்பி வந்து மேசையைப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்ள, என்ற கோட்டு எங்கீங்க?"

ஃப்ளாட்டே கண்முன் வந்து நின்றது. ஓடிப்போய் அந்த மனிதரைப் பிடித்துப் பணத்தை நீட்டிக் கெஞ்சினேன். நல்லவர், கழற்றவே ஆரம்பித்துவிட்டார். பின்னாலேயே வந்த மாமனார் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"போட்டுக்கங்க தம்பி. போணியத் திருப்பி வாங்குனா ஏவாரம் வெளங்காதுங்க. பையில கெடக்கற கண்ணாடிய மட்டும் குடுத்துருங்க."

சாயங்காலம் மறுபடி பனி இறங்கிவிட்டது. சட்டையோடு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டே பஸ் ஏறியவர், படியில் நின்று திரும்பினார்.

"என்ற கோட்டயே வித்துப்போட்டீங்க. இங்க எது வெச்சாலும் விக்கும். எடத்தக் குடுத்துராதீங்க மாப்ள."

எனக்கு அந்த பஸ்ஸைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

மைதானம் இன்றும் எங்களுடையதுதான். வாடகையும் ஒழுங்காக வருகிறது. ஆனால் மாமனார் வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போதே மாமியார் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிடுவார்.

"மாப்ள வந்துட்டாருங்க. கோட்ட எடுத்து பீரோவுல வைங்க."