நானூறு கோப்பைகள் தலை சாய்த்த விவரம்

விருத்தாசலம்,
9.8.2004

அன்புள்ள தம்பி கொளஞ்சிநாதனுக்கு அக்கா அன்புக்கரசி எழுதுவது. இங்கே நான் சுகம், சூளை சுகம், கோப்பைகள்தான் சுகமில்லை. சென்னையில் நீயும் கண்ணம்மாளும் கல்யாணப் பெண் சண்முகப்ரியாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் விவகாரத்தில் ஒரு சினிமாவின் பெயர் வருகிறது. அதைக் கேட்டதும் நீ பாட்டின் முன்னிசையை வாயாலேயே வாசிக்கத் தொடங்குவாய், நான் சொல்ல வந்தது பாதியில் நிற்கும். அதனால் கடிதம். உட்கார்ந்து படி.

ப்ரியாவின் கல்யாணத் தாம்பூலப் பையில் போடுவதற்காக நம் பட்டறையில் சுட்ட நானூறு பீங்கான் கோப்பைகளும் கோணிப் போய்விட்டன என்று போன வாரம் சொன்னேன். "எவன் கெடுத்தானோ அவனை முதல்ல வேலைய உட்டு அனுப்பு, அப்புறம் பேசு" என்று போனை வைத்துவிட்டாய். பெண்ணின் தகப்பன் கோபப்படலாம். ஆனால் நீ அனுப்பச் சொல்லும் ஆள் கலியபெருமாள். பன்னிரண்டு வருஷமாக நம் சூளையைப் பார்த்துக்கொள்பவர். அவரை அனுப்புவதற்கு முன் முறையாக விசாரிக்க வேண்டும் என்று விசாரித்தேன். விசாரணையில் முதலில் அகப்பட்ட குற்றவாளி நீதான்.

பொங்கலுக்கு நீ பட்டறைக்கு வந்ததை நினைத்துப் பார். என் அலுவலக அறை ஜன்னலில் இருந்த டேப் ரெக்கார்டரில், கலியபெருமாள் வழக்கம்போல 'சோளக்காட்டுச் சாலை' கேசட்டைப் போட்டிருந்தார். நீ பேசாமல் கரும்பு தின்றுவிட்டுப் போயிருக்கலாம். மருதவாணன் இயக்கித் தில்லைராஜன் இசையமைத்த ஏழு படங்களையும் பற்றி அரை மணி நேரம் பிரசங்கம் செய்தாய். அதோடு விட்டாயா? சாக்பீஸ் வாங்கி, சூளைக் கதவில் ஒன்று முதல் ஏழு வரை வரிசைப்படுத்தி எழுதினாய். முதலிடம் 'பதினேழாம் மாடி', கடைசி இடம் 'சோளக்காட்டுச் சாலை'. எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வேப்பூர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாய். கலியபெருமாள் அந்தக் கதவின் முன் நின்று ஏழாவது வரியை மூன்று முறை படித்தார். அன்று மதியம் அவர் சோற்றுத் தூக்கைத் திறக்கவேயில்லை.

கோப்பைகளைக் கிளேஸ் என்ற மெருகுக் கரைசலில் முக்கியெடுக்கும் மகேஸ்வரி மட்டும் உன் பட்டியலைப் பார்த்துக் கைதட்டினாள். அன்று தொடங்கியது சண்டை. "அந்த நாதஸ்வரம் வந்தா நெருப்பு ஆடாம நிக்கும் தாயி, உன் மாடிப் படத்துல லிப்ட்டு சத்தந்தான் வருது" என்பார் கலியபெருமாள். "அண்ணே, சோளக்காட்ட தேட்டருல பாத்தவங்கல்லாம் இப்ப முதியோர் பென்சன் வாங்குறாங்க" என்பாள் அவள். "தில்லைராஜன் இல்லாம மருதவாணன் எடுத்த படம் ஒண்ணாச்சும் ஓடிச்சா?" "மருதவாணன் இல்லாம தில்லைராஜன் போட்ட பாட்டு ஒண்ணாச்சும் உங்க வாயில நிக்குதா?" மருதவாணனும் தில்லைராஜனும் சண்டை போட்டுப் பிரிந்து பத்து வருஷம் ஆகிறது. அவர்களே மறந்துவிட்ட சண்டையை என் பட்டறையில் சம்பளம் வாங்கிக்கொண்டு தொடர்ந்தார்கள். இதற்கு நடுவில் திட்டக்குடிப் பக்கத்திலிருந்து லாரியில் மண் கொண்டுவரும் தர்மராஜ் மூன்றாவது கட்சி ஆரம்பித்தார். ஏழுமே சுமார்தான், இருவரும் சேர்ந்து செய்து வெளிவராமலே போன எட்டாவது படத்தின் பாட்டுகள்தான் உச்சம் என்பது அவர் கொள்கை. "நீங்க கேட்டிருக்கீங்களா?" என்றாள் மகேஸ்வரி. "வெளியவே வரலியே, எப்பிடிக் கேக்கறது?" என்றார் தர்மராஜ். அவரை மட்டும் யாராலும் ஜெயிக்க முடியவில்லை.

எனக்கு இதில் எந்தக் கட்சியும் இல்லை என்பது உனக்குத் தெரியும். என்னைப் பொறுத்தவரை ஏழும் ஒரே படம். ஏழிலும் ஒரு பெண் ஓடுகிறாள், அவளுக்குப் பின்னால் வயலின் ஓடுகிறது. எம்.எஸ்ஸி. வேதியியல் படித்த காலத்தில் விடுதியில் அத்தனை பேரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படித்தவள். ஆனாலும் ஆடி பிறந்ததும் சச்சரவு முற்றி, கலியபெருமாளும் மகேஸ்வரியும் ஒரே தேநீர்ப் பாத்திரத்தில் குடிக்க மறுத்தார்கள். சரி, நியாயமாக ஒரு வழி செய்வோம் என்று நோட்டீஸ் ஒட்டினேன். ஒற்றைப்படைத் தேதிகளில் 'சோளக்காட்டுச் சாலை', இரட்டைப்படைத் தேதிகளில் 'பதினேழாம் மாடி'. நீ தபாலில் அனுப்பிய 'மாடி' கேசட்டும் சரியாக அந்த வாரம்தான் வந்து சேர்ந்தது. என் நீதியை நினைத்து எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ப்ரியாவின் கோப்பைகளைச் சுட்டது ஜூலை இருபத்தெட்டாம் தேதி. நோட்டீஸ் ஒட்டிய பிறகு இரட்டைப்படைத் தேதியில் நடந்த முதல் சூடு அதுதான். மகேஸ்வரி அன்று அவள் அக்கா வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தாள். மற்றவர்கள் பின்கட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். சூளைக்குப் பக்கத்தில், என் அறையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், கலியபெருமாளைத் தவிர வேறு யாரும் இல்லை. சூளை ஆறியபின் கதவைத் திறந்தால், நானூறு கோப்பைகளும் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்து நின்றன. கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்து ரசிக்கிறவர்கள் மாதிரி. ஒன்றில் காப்பி ஊற்றிப் பார்த்தேன். பாதிதான் நின்றது. மீதி என் சேலையில்.

சூடு உச்சத்தைத் தொட்டபின் முக்கால் மணி நேரம் அப்படியே நிறுத்தி, பிறகு பர்னரை அணைக்க வேண்டும். நேரம் கூடினால் பீங்கான் இளகிச் சாய்ந்துவிடும். எண்ணெய்த் தொட்டியின் அளவைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். அன்று பதினெட்டு நிமிடம் கூடுதலாக எரிந்திருந்தது. கலியபெருமாளைக் கூப்பிட்டு, எவ்வளவு நேரம் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன்.

"ரெண்டு பக்கமும்மா."

"என்னது?"

"கேசட்டு ரெண்டு பக்கமும். உச்ச சூடு வந்ததும் முதல் பக்கத்துலேருந்து போடுவேன். ரெண்டாம் பக்கம் முடிஞ்சி டக்குனு பட்டன் எகிறும். உடனே அணைச்சிருவேன். நாப்பத்தஞ்சி நிமிசம் சரியா இருக்கும்."

நான் சூளை நோட்டை எடுத்துப் புரட்டினேன். பன்னிரண்டு வருஷமாகச் சூளை நோட்டில் '45 நிமிடம்' என்று முத்து முத்தாக எழுதி வைத்திருக்கிறார், நானும் கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறேன். அத்தனையும் 'சோளக்காட்டுச் சாலை'. அவர் அந்தப் பாட்டுகளை ரசிக்கிறார் என்று நான் நினைத்தேன், நீ நினைத்தாய், மகேஸ்வரி நினைத்தாள். ரசித்தார்தான். ஆனால் அது அவருடைய கடிகாரமும்கூட. நீ கதவில் ஏழாவது இடம் என்று எழுதியது ஒரு மனிதனின் கடிகாரத்தை. நான் நோட்டீஸ் ஒட்டி மாற்றியதும் அதைத்தான்.

விசாரணையில் மகேஸ்வரி கேசட் அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். "மாடியும் நாப்பத்தஞ்சி நிமிசந்தாம்மா, போட்டிருக்குது பாருங்க. இவரு தூங்கியிருப்பாரு." அட்டையில் அச்சடித்ததையெல்லாம் நம்பிவிட முடியாது என்று நான் சொன்னேன். அந்தப் படத்தைக் கண்டபடி திட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கலியபெருமாளுக்குக் கிடைக்காது. ஆனால் அவர் அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. சூளைத் துளை வழியாக உள்ளே பார்ப்பதற்கு ஒரு நீலக் கண்ணாடி வைத்திருப்பார். அதைத் துண்டால் துடைத்து என் மேசைமேல் வைத்து, "கேசட்டு முடிஞ்சிதுன்னுதான் அணைச்சேன். தப்பு என்னுதுதாம்மா, நான் நின்னுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்.

ஆகவே தீர ஆலோசித்து நான் வந்த முடிவு இது. குற்றவாளி தில்லைராஜன். அட்டையில் ஒன்று சொல்லி, உள்ளே பாட்டுகளைப் பதினெட்டு நிமிடம் இழுத்துவிட்டார். அவரை வேலையை விட்டு அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை. உன் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் படத்தின் லட்சணத்தை இனியாவது தெரிந்துகொள். சூளைக்குப் பக்கத்தில் சுவர்க் கடிகாரம் ஒன்று மாட்டியிருக்கிறேன். கலியபெருமாள் அதைச் சந்தேகத்தோடு பார்க்கிறார். "இது நிக்கவே மாட்டேங்குதே, முடிஞ்சிதுன்னு எப்பிடித் தெரியும்?" என்கிறார். பதினாறாம் தேதி மறுபடியும் நானூறு கோப்பைகள் சுடுகிறோம். ஆவணி முகூர்த்தத்துக்கு வந்து சேரும். எவர்சில்வர் டப்பா வாங்காதே.

சண்முகப்ரியாவும் மாப்பிள்ளை கார்முகிலும் எந்தப் படம் சிறந்தது என்று வாழ்நாள் முழுக்க ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமல் நிம்மதியாக இருக்க என் ஆசிகள். கண்ணம்மாளிடம் விசாரித்ததாகச் சொல். உனக்கு ஆசி, மூக்கால் பாடாமல் இருந்தால்.

இப்படிக்கு,
அக்கா அன்புக்கரசி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன், அறிவியல் படித்தவள் அளக்காமல் தீர்ப்பு எழுதிவிட்டேனே என்று உறுத்தியது. புதுக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு இரண்டு கேசட்டுகளையும் முழுக்க ஓட்டி அளந்தேன். இரண்டும் நாற்பத்தைந்துதான். தில்லைராஜனை விடுதலை செய்கிறேன். 'பதினேழாம் மாடி'யில் இரண்டாம் பக்கத்து மூன்றாவது பாட்டு ஆறு நிமிடம். இருபத்தெட்டாம் தேதி அது நான்கு முறை ஓடியது. மூன்று முறை திருப்பிப் போட்டது நான். அது சூளையின் கடிகாரம் என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகு தெரிந்தும் மேலே இவ்வளவு எழுதினேன்.

கலியபெருமாளை உள்ளே கூப்பிட்டேன்.

"ஒரே பாட்டு நாலு தடவை வந்ததே, உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சிதும்மா."

"அப்புறம் ஏன் அணைக்கல?"

"கேசட்டு முடியலியே."

"எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே?"

"ஜன்னல்ல பாத்தேன். கண்ண மூடிக்கினு உக்காந்திருந்தீங்க. பன்னெண்டு வருசத்துல நீங்க பாட்டு கேட்டு நான் பாத்ததே இல்ல. நடுவுல பூந்து எப்பிடிம்மா நிறுத்தச் சொல்றது?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சோளக்காடா இருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். அந்தப் படத்துப் பாட்டப் போயி, நெருப்பு பக்கத்துல நின்னு நாலு வாட்டி கேட்டேம்மா."

நீலக் கண்ணாடியை அவர் கையில் கொடுத்துவிட்டேன். கோப்பைகளைக் கெடுத்த ஆளை அனுப்பச் சொன்னாய். அனுப்ப வழியில்லை, பட்டறை அவள் பெயரில் இருக்கிறது. உன் பட்டியல் சரி என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே. கல்யாணப் பத்திரிகையோடு வரும்போது 'பதினேழாம் மாடி' புதுக் கேசட் ஒன்று வாங்கி வா. இங்கே இருப்பது இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் தேய்ந்துபோய்விட்டது.