மூன்று காவலாளிகளும் ஒரு சிகரெட்டும்

ஆக்சிஜன் உயிர் காக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். பாதிதான் உண்மை. எங்கள் மாரிகுப்பம் தங்கச் சுரங்க ஷாஃப்ட் மேல் நிற்கும் இரும்புக் கோபுரத்தைத் துருவாக்கியதும் அதுதான். அந்தக் கைவரிசையை விந்தணுவிடமும் காட்டுகிறது.

பெங்களூரு டாக்டர் இதைச் சொன்னபோது எனக்கும் லூயிசாவுக்கும் கல்யாணமாகி ஆறு வருஷம். சிகரெட் அந்தத் துருவைக் கூட்டும், விட்டுவிடுங்கள், புது அணுக்கள் உருவாக மூன்று மாதம் போல ஆகும் என்றார். விட்டுவிட்டதாக மனைவியிடம் அறிவித்தேன். வீட்டில் விட்டேன். வேலைக்குப் போகும் ரயில் பங்காரப்பேட்டையில் நிற்கும்போது விடவில்லை. பக்கத்து வீட்டு ஏனோக் தீப்பெட்டி நீட்டுவான்.

மனசாட்சிக்காகக் கொஞ்சம் படித்தேன். விந்தணு, டிபன் கேரியரைக்கூட வீட்டில் போட்டுவிட்டு ரயிலுக்கு ஓடுகிறவன் மாதிரி. வேகத்துக்காகச் சரக்கையெல்லாம் இறக்கிவிட்டதால் சொந்தக் காவல் குறைவு. சுற்றியுள்ள திரவத்தில் மூன்று நொதிகள் காவல் நிற்கின்றன. ஒன்று முரட்டு ஆக்சிஜனைப் பிடித்துப் பெராக்சைடாக்கும். மற்ற இரண்டும் அதைத் தண்ணீராக்கிவிடும். ஆகவே எப்போதாவது ஒரு சிகரெட் பெரிய விஷயமில்லை என்று, பொதுவாகச் சொல்வதுபோல, சாப்பாட்டு நேரத்தில் லூயிசாவிடம் விளக்கினேன்.

"மூணு வாட்ச்மேன் இருக்கானுங்கன்னு வூட்டுக்கு நீங்களே நெருப்பு வெப்பீங்களா?"

"நான்தான் விட்டுட்டேனே."

"நான் ஒண்ணும் கேக்கலியே. கொழம்பு ஊத்திக்குங்க."

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏனோக்கின் மனைவி பியூலா தன் குழந்தையை லூயிசாவிடம் கொடுப்பாள். திருப்பிக் கொடுக்க லூயிசாவுக்கு வாரா வாரம் இன்னும் கொஞ்சம் நேரமாகிறது. நான் கை நீட்டினால், "பொகை வாசனை புள்ளைக்கு ஆவாதுண்ணா" என்பாள் பியூலா.

அந்த ஞாயிறும் அதையே சொன்னாள். லூயிசா கேட்டுக்கொண்டிருந்தாள். சபையில் கர்த்தர் செய்த நன்மையை அவரவர் சாட்சி சொல்லும் நேரம் வந்ததும் எழுந்து நின்று, தன் வீட்டுக்காரர் சிகரெட்டை அடியோடு விட்டதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். சபை அல்லேலூயா என்றது. ஏனோக் மட்டும் தரையைப் பார்த்தான்.

மறுநாள் ரயிலில் பாதிப் பெட்டி எங்கள் சபைதான். எல்லோரும் கை குலுக்கினார்கள். பங்காரப்பேட்டையில் ஏனோக்கிடம் தீப்பெட்டி கேட்டேன்.

"இன்னா பிரதர், சபையில ஸ்தோத்திரம் ஆயிப்போச்சு. இப்போ நான் நெருப்பு குட்த்தா, உங்க சம்சாரம் பொய்சாட்சி சொன்னதா ஆவும்."

தீப்பெட்டிக்குப் பதில் ஒரு கொய்யாப்பழம் கொடுத்தான். பிளாட்பாரத்து டீக்கடைக்காரரும் எங்கள் சபைதான். அவரும் கையை விரித்தார்.

எதற்காக இப்படிச் செய்தாய் என்று சாயங்காலம் லூயிசாவைக் கேட்டேன்.

"நீங்க சொன்னதத்தான் சொன்னேன்" என்றாள். "பொய்யாங்க?"

இல்லை என்றேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிறு, பியூலா என் பக்கமாக ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, குழந்தையை என் மடியில் வைத்தாள்.