கிளட்ச் இல்லாத கப்பல்

இனி இந்த ஜென்மத்தில் கிளட்ச் மிதிப்பதில்லை என்று குத்தாலம் சாரங்கபாணி சபதம் செய்தார். வரப்பில் வழுக்கி விழுந்து இடது முழங்கால் பூசணி மாதிரி வீங்கியிருந்த சமயம் அது. வேறு யாராவது என்றால் டிரைவர் வைத்திருப்பார்கள், இல்லையா? நம்முடைய ஆள் காரின் குடலையே மாற்றிவிடுவது என்று முடிவு கட்டினார்.

கார் பழைய அமெரிக்க வண்டி. தெருவில் அது திரும்பினால் எதிரே வரும் மாட்டுவண்டி பின்வாங்கித்தான் ஆக வேண்டும். ஊரில் அதற்குக் கப்பல் என்று பெயர். நாகப்பட்டினத்தில் உடைக்கப் போட்டிருந்த இன்னொரு அமெரிக்கக் காரிலிருந்து தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் பெட்டி ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தார் மாயவரம் மெக்கானிக் சேக் தாவூது. பெட்டியைக் கப்பலின் வயிற்றில் ஏற்றியும் கொடுத்துவிட்டார்.

"கிளட்சே கிடையாது முதலாளி. ரெண்டே பெடல். ராடு மாட்டுற வேலைதான் பாக்கி. ஒரு ராடு கியர் லீவர்லேருந்து பெட்டிக்கு. இன்னொண்ணு ஆக்சிலேட்டர்லேருந்து கார்பரேட்டர் வழியா பெட்டிக்கு. நீங்க எவ்வளவு மிதிக்கிறீங்கன்னு தெரிஞ்சாத்தானே பெட்டி எப்ப கியர் மாத்துறதுன்னு முடிவு பண்ணும்? நீளம் ஒரு நூல் தப்பினாலும் கழுதை மாதிரி உதைக்கும்."

"அந்த வேலையை நானே பாத்துக்குறேன்."

"ஒத்தை ஆளா முடியாதுங்க. ஒருத்தர் சீட்ல உக்காந்து லீவரை நகத்தணும், பெடலை மிதிக்கணும். ஒருத்தர் கீழ படுத்து ராடைப் பாக்கணும்."

"எங்கிட்ட ஆளுக்கா பஞ்சம்?"

பண்ணையில் ஆளுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் காலம் கெட்டுக் கிடந்தது. கழக ஆட்சி வந்ததும் வந்தது, குத்தகைக்கு உழுகிறவர் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்ற ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். பெயர் ஏறிவிட்டால் ஆளை நிலத்திலிருந்து எழுப்ப முடியாது. இந்த நேரம் பார்த்துப் பண்ணையாளை முதலாளி சீட்டில் உட்கார வைப்பதா? உழுதவனுக்கு நிலம் என்கிறார்கள், நாளைக்கு உட்கார்ந்தவனுக்குக் கார் என்பார்கள். சாரங்கபாணி நன்றாக யோசித்தார். இந்த உலகத்திலேயே எந்த உரிமையும் கேட்காத ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்தார்.

"அகிலாண்டம். இங்க வா. வண்டியில ஏறு."

அடுப்படியிலிருந்து வந்த அகிலாண்டம் கையைத் துடைத்துக்கொண்டு பின் கதவைத் திறந்தாள்.

"அங்க இல்ல. டிரைவர் சீட்ல."

கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சீட்டைத் துடைக்க மட்டுமே தெரிந்தவள், அதை முந்தானையால் ஒரு தடவை துடைத்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். சாரங்கபாணி சாக்கை விரித்துக் காருக்கு அடியில் போனார். வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"N-ல போடு, நியூட்ரல்."

"போட்டாச்சுங்க. காளியம்மா வந்திருந்துச்சு."

"எதுக்கு? லீவரை ஆட்டாத. பின்னு ஓட்டையில விழ மாட்டேங்குது."

"தரங்கம்பாடியில தாசில்தார் முகாம் போடுறாராம். நம்ம நிலத்துக்கும் விசாரணையாம்."

நம்ம நிலம் என்பது பேச்சுக்கு. அது அகிலாண்டத்தின் அப்பா கல்யாணத்தில் மஞ்சக்காணியாக எழுதிவைத்தது, தரங்கம்பாடிப் பக்கம் இருந்தது. தன் புருஷன் உயிரோடிருந்த காலத்திலிருந்தே காளியம்மாதான் குத்தகைக்குப் பயிர் செய்தாள். எழுத்து ஒன்றும் கிடையாது. வாய்ப்பேச்சுதான்.

"தெரியும். நான் போய்ச் சொல்லிக்கிறேன். ஓட்டுற D-யில போடு."

"என்ன சொல்லப்போறீங்க?"

"காளியம்மா கூலி ஆளுன்னு சொல்லப்போறேன். வேற என்ன சொல்றது? குத்தகைன்னு ஏறிட்டா நீலமேகம் அந்த நிலத்தைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு. ரைஸ் மில்லு கட்ட எடம் தேடிக்கிட்டிருக்காரு. ஆள் பாத்தியதை இல்லாம இருந்தா உடனே கிரயம்னு வாக்குக் குடுத்திருக்காரு. ஆக்சிலேட்டரை அழுத்து."

அகிலாண்டம் அழுத்தவில்லை.

"அழுத்துன்னு சொல்றேன்ல?"

"அது பாவங்க. எங்கப்பா படுத்த படுக்கையா கெடந்தப்ப அவருக்குக் கஞ்சி வச்சுக் குடுத்தது அதுதான். அந்த வயலை விட்டா அதுக்கு நாதி கெடையாது. எனக்கும் பொறந்த வீடுன்னு மிச்சம் இருக்கறது அந்த வயல்தான். நானும் முகாமுக்கு வர்றேன். நிலம் எம்பேர்லதானே இருக்கு?"

காருக்கு அடியிலிருந்து சிரிப்பு வந்தது. "தாசில்தார் முன்னாடி பொம்பளைக்கு என்னடி வேலை? அதெல்லாம் நான் பாத்துக்குறேன். நீ அழுத்து."

"சரிங்க" என்று அகிலாண்டம் அழுத்தினாள்.

இந்தச் 'சரிங்க'வைக் கேட்டதும் சாரங்கபாணி அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். அவருக்கோ பின்னு ஓட்டையில் விழுந்த சந்தோஷம்.

லீவர் ராடு சுலபமாக அமைந்துவிட்டது. ஆக்சிலேட்டர் ராடுதான் அவரை அழவைத்தது. மிதியைத் தரைவரைக்கும் அழுத்தினால் பெட்டியிலுள்ள கை கடைசிவரை போக வேண்டும், விட்டால் முழுசாகத் திரும்ப வேண்டும். அழுத்து, விடு. நட்டைத் திருப்பு. மறுபடி அழுத்து, விடு. தெருவில் போனவர்கள் சாரங்கபாணி வீட்டில் யாருக்கோ பிரசவம் என்று நினைத்தார்கள்.

அதோடு முடிந்ததா? ஓடும்போது பெட்டி எங்கே கியர் மாற்றுகிறது, உதைக்கிறதா, வழுக்குகிறதா என்று காதால் கேட்டால்தான் தெரியும். ஆகவே கப்பல் களத்துமேட்டுக்குப் போனது. சாரங்கபாணி தடியை ஊன்றிக்கொண்டு நடுவில் நின்றார்.

"வைக்கோல் போரைச் சுத்தி மெதுவா வா. நான் சத்தத்தைக் கேக்கணும்."

"நான் ஓட்டுறதாங்க? பொம்பளை கார் ஓட்டுனா குடும்பம் உருப்படாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"இது ஓட்டுறதுல சேராது. இது டெஸ்ட்."

டெஸ்ட் நடந்தது. முதல் சுற்றில் வைக்கோல் போரில் பாதி சரிந்தது. அப்புறம் சரியவில்லை. பிறகு வளைத்துத் திருப்பியும், பின்னால் எடுத்தும், பிரேக் அடித்தும் டெஸ்ட் செய்தாள். ஒவ்வொரு சாயங்காலமும் அகிலாண்டமே வந்து, "என்னங்க, டெஸ்ட் பண்ணலையா?" என்று கேட்டாள். புருஷனுடைய வேலையில் இவ்வளவு அக்கறையா என்று அவர் பூரித்துப் போனார். கடைசியில் ராடு அமைந்தது பாருங்கள், கியர் மாறுவதே தெரியவில்லை. தாவூது வந்து பார்த்துவிட்டு, "வெண்ணெய் முதலாளி" என்றார்.

முகாம் நாள் வந்தது. அன்றைக்கென்று அறுவடைக் கூலி உயர்வு கேட்டு விவசாயத் தொழிலாளர்கள் ஆக்கூரில் சாலை மறியல். பஸ் ஒன்றுகூட ஓடவில்லை. சாரங்கபாணிக்கு உள்ளூரக் கொண்டாட்டம். தன் காரை யார் மறிப்பார்கள் என்ற நினைப்பு வேறு. பஸ் இல்லாவிட்டால் அகிலாண்டம் எப்படி வருவாள்?

"நான் தரங்கம்பாடியில எங்க அத்தை வீட்டுல எறங்கிக்கறேங்க. முகாம் பக்கமே வரலை" என்று அவள் கூடையோடு முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். அவ்வளவு பணிவாகச் சொல்கிறவளை எப்படி மறுப்பது?

செம்பொன்னார்கோயில் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் கப்பல் சோர்ந்தது. மிதிக்கிறார், மிதி தொளதொளவென்று போகிறது. வண்டி பெருமூச்சு விட்டு ஓரத்தில் நின்றது. பானெட்டைத் தூக்கிப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கார்பரேட்டர் பக்கத்தில் ஆக்சிலேட்டர் ராடு கழன்று தொங்கியது. அதைப் பிடித்திருந்த சின்னக் கிளிப்பைக் காணோம்.

"இந்தாங்க" என்று ஜன்னல் வழியே ஒரு கொண்டை ஊசி நீண்டது.

வாங்கி மாட்டினார். கச்சிதமாக இருந்தது.

"இந்தப் பக்கம் நகந்து உக்காரு. அழுத்து."

எஞ்சின் உறுமியது.

"விடு."

அடங்கியது. பானெட்டை மூடினார். கையெல்லாம் கிரீஸ். சாலையோரத்து வாய்க்காலில் இறங்கிக் கை கழுவினார். அப்போது பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. 'டொக்'. N-லிருந்து D-க்கு லீவர் விழுகிற சத்தம். எத்தனை நாள் காருக்கு அடியில் படுத்துக் கேட்ட சத்தம் அது.

திரும்பினார். கப்பல் நகர்ந்துகொண்டிருந்தது.

"ஏ அகிலாண்டம். எங்க போற?"

"டெஸ்ட் பண்றேங்க" என்று குரல் வந்தது. "வெயில் ஏறுது, தலையில துண்டைப் போட்டுக்குங்க."

சாரங்கபாணி கையில் ஈரம் சொட்டச் சொட்ட நின்றார். கார் இரண்டாவது கியருக்கு மாறியது, மூன்றாவதுக்கும் மாறியது. உதைக்கவில்லை, வழுக்கவில்லை. அந்த அதிர்ச்சியிலும் மனுஷனுக்கு ஒரு சொட்டுப் பெருமை வந்ததென்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அது வந்த வேகத்தில் போயிற்று. கேட்பதற்கு முன்னாலேயே ஊசியை நீட்டினாளே. கழன்றது கிளிப்பு என்று வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவளுக்கு எப்படித் தெரியும்?

முழங்காலை இழுத்துக்கொண்டு நடந்தார். ஆக்கூர் பக்கம் போனதும் எதிரே ஒரு கூட்டம் கொடியோடு வந்தது. சாரங்கபாணி தலைத்துண்டை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். கூலியைக் கூட்டிக் கொடுக்க மாட்டேன் என்று சங்கத்தில் எழுந்து பேசிய மிராசுதாரர்களில் அவரும் ஒருவர். மறியல் தலைவர் கண்ணுசாமி நேராக அவரிடம் வந்தார்.

"குத்தாலம் சாரங்கபாணி நீங்கதானா?"

இல்லை என்று சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் தலை தானாக ஆடிவிட்டது.

கண்ணுசாமி அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அம்மா எல்லாம் சொல்லிட்டுப் போனாங்க."

"என்ன சொன்னா?"

"குத்தகைக்காரப் பொம்பளைக்குச் சாட்சி சொல்லணும்னு கெளம்புனீங்களாம். நடுவழியில கார் ரிப்பேராம். நான் எப்படியாவது வந்து சேர்றேன், நீ முன்னால போயி தாசில்தாரைப் புடிச்சு வைன்னு அம்மாவை அனுப்பிச்சீங்களாம். இந்தக் காலோட."

"நானா?"

"பெருமையே வேணாங்கறாரு பாருங்க" என்று கண்ணுசாமி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "தோழரை வண்டியில ஏத்துங்க."

தோழர். அவருடைய அப்பா கேட்டிருந்தால் மயானத்திலிருந்து எழுந்து வந்திருப்பார். சாரங்கபாணியை மாட்டுவண்டியில் தூக்கி உட்கார வைத்து, கையில் ஒரு செங்கொடியையும் கொடுத்தார்கள். வழிநெடுக அவர் பெயரைச் சொல்லி வாழ்த்துக் கோஷம் போட்டார்கள். ஐம்பது வயதுவரை அவரை வாழ்க என்று சொன்ன ஒரே ஜீவன் கோயில் குருக்கள்தான், அதுவும் தட்டைப் பார்த்துத்தான். கொடியை ஏனோ இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். பயமா, வெட்கமா, வேறு ஏதாவதா என்று அவருக்கே விளங்கவில்லை.

தரங்கம்பாடிப் பள்ளிக்கூடத்தில் முகாம். தாசில்தார் மேஜைக்கு ஒரு பக்கம் அகிலாண்டம் நின்றாள். இன்னொரு பக்கம் காளியம்மா. ஒடுங்கிப்போன அந்தக் கிழவி இவரையே பார்த்தாள். சற்றுத் தள்ளி, வெள்ளை வேட்டியில் நீலமேகம் நின்று இவருக்குக் கண்ணைக் காட்டினார்.

"வாங்க" என்றார் தாசில்தார். "உங்க சம்சாரம் காளியம்மாதான் குத்தகைன்னு சொல்லிட்டாங்க. ஆனா குத்தகை நெல்லை வருஷா வருஷம் அளந்து வாங்குறது நீங்கதான்னும் சொன்னாங்க. நீங்களும் ஆமான்னு சொன்னா இப்பவே பேரை ஏத்திடுவேன். நீங்க ஆட்சேபம் பண்ணுனா மேல் விசாரணைக்குப் போகும், வருஷக்கணக்கா இழுக்கும்."

ஆகா, பிழைத்தோம் என்று சாரங்கபாணி வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை போதும். கூலி ஆள்.

முதுகுக்குப் பின்னால் மொத்தக் கூட்டமும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. கண்ணுசாமி, "சொல்லுங்க தோழர்" என்று மெதுவாகச் சொன்னார். கையில் கொடி கனத்தது. கப்பல் இல்லாமல் இந்தக் கூட்டத்தைத் தாண்டி நடந்து வீடு போய்ச் சேருவது எப்படி என்று ஒரு கணக்குப் போட்டார். அகிலாண்டத்தைப் பார்த்தார். அவள் தலை குனியவில்லை. கார் சாவி அவள் விரலில் தொங்கியது.

தன்னை வழியில் விட்டுவிட்டுப் போகவில்லை இவள், பொட்டலம் கட்டி இங்கே அனுப்பிவைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"காளியம்மா..." தொண்டையைக் கனைத்தார். "குத்தகைதாங்க. ரொம்ப நாளா."

காளியம்மா தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கூட்டம் அவரைத் தோளில் தூக்கியது. அந்த உயரத்திலிருந்து பார்த்தபோது நீலமேகத்தின் வெள்ளை வேட்டி வாசலைத் தாண்டிப் போவது தெரிந்தது.

ஒருவழியாகக் கீழே இறங்கிக் கப்பலிடம் வந்தார். டிரைவர் சீட்டில் அகிலாண்டம் இருந்தாள். சுற்றிக்கொண்டு போய் முன் கதவின் கைப்பிடியில் கை வைத்தார். உள்ளே காளியம்மா உட்கார்ந்திருந்தாள். ஐயாவைப் பார்த்துப் பதறி எழப் போனவளை அகிலாண்டம் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

"அது வயல்ல எறங்கிக்கும், வழி காட்டணும்ல. நீங்க பின்னால ஏறிக்குங்க" என்றாள். "அந்தக் கொடியை ஜன்னலுக்கு வெளியில நல்லாத் தெரியிற மாதிரி புடிச்சுக்கிட்டு வாங்க. திரும்பிப் போறப்ப மறியல்ல நம்மள விடணும்ல."