முன்னுரையைத் தாண்டாதவன்

புத்தகம் சொன்ன சொல்லைத் தட்டாத மனிதன் திருநெல்வேலிச் சீமையிலேயே ஒருவன்தான். பாளையங்கோட்டையில் எங்கள் பொறியியல் கல்லூரி விடுதியில், என் அறையில்தான் இருந்தான். வருகைப்பதிவில் அவனுக்கு வேறு பெயர் உண்டு. விடுதிக்கு அவன் ‘முன்னுரை’.

நாங்களெல்லாம் கணினியியலை ஜெராக்ஸ் கடையில் படித்தவர்கள். பரீட்சைக்கு முந்தின வாரம் கடைக்காரர் எதைக் கட்டித் தருகிறாரோ அதுதான் பாடம். இவன் அப்படியில்லை. இயந்திரக் கற்றல் என்ற தாளுக்காகப் பழைய புத்தகக் கடையில் ஒன்றைப் பிடித்து வந்தான். தலைக்கு வைத்தால் கழுத்து சுளுக்கும் தடிமன். அதன் முன்னுரையில் ஒரு வரி: வாசிப்பவருக்கு நேரியல் இயற்கணிதம் தெரிந்திருக்க வேண்டும். எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற, எவனும் வாசிக்காத வரி. இவன் வாசித்துவிட்டான். அந்த இடத்திலேயே சட்டைப்பையிலிருந்த பஸ் சீட்டை அடையாளம் வைத்து மூடினான்.

“எனக்குத் தெரியாதுல்லா.”

“யாருக்குலே தெரியும்? பைய அடுத்த பக்கத்தப் புரட்டு.”

“செருப்பக் கழத்திட்டு வாங்கன்னு வாசல்ல எழுதிருக்கான். செருப்போட ஏறச் சொல்லுதியா?”

நேரியல் இயற்கணிதப் புத்தகம் வந்தது. அதன் முன்னுரை, வாசகருக்குக் ‘கணித முதிர்ச்சி’ வேண்டும் என்றது. கடை கடையாக விசாரித்துவிட்டு, கடைசியில் கணக்குப் பேராசிரியரிடமே போய் நின்றான்.

“சார், கணித முதிர்ச்சி எந்த செமஸ்டர்ல வருது?”

அவர் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டார். “எனக்கே இன்னும் வரல தம்பி. வந்தா சொல்லி அனுப்புதேன்.”

விடுதியே சிரித்தது. அவன் நிஜமாகவே காத்திருந்தான்.

அப்புறம் கணங்களின் கோட்பாடு, அதற்கும் கீழே தர்க்கம். நாங்கள் ஒவ்வொரு செமஸ்டராக முன்னே போக, அவன் பின்னால் போய்க்கொண்டிருந்தான். இறுதியாண்டில் எண்கணிதம் வரை இறங்கிவிட்டான்.

அந்தச் சமயத்தில்தான் கங்கைகொண்டான் ஐ.டி. பூங்காக் கம்பெனி ஒன்று எங்கள் இரண்டு பேரையும் வேலைக்கு எடுத்தது. நிபந்தனை ஒன்றே: அரியர் இருக்கக் கூடாது. அவனுக்கு இயந்திரக் கற்றல் பாக்கி. அதற்குக் கடைசி வாய்ப்பு அந்த செமஸ்டர் பரீட்சை. அவன் ஊரான முக்கூடலில் அம்மா, இனிமேல் பீடி சுற்ற மாட்டேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியே வைத்திருந்தாள்.

ஜெராக்ஸ் கட்டை அவன் மடியில் போட்டேன். “இத மட்டும் மனப்பாடம் பண்ணிரு மக்கா. மத்தத வேலைக்குப் போயிப் படி.”

“ஒன் வீட்டுலயும் என் வீட்டுலயும் நமக்கு முன்னாடி யாருலே படிச்சிருக்கா? அடியில ஒண்ணுமில்லாம மேல மேல கட்டுதோம். எவனாச்சும் வந்து ஒரு கேள்வி கேட்டா விழுந்திருவோம்லே.”

ஜெராக்ஸ் கட்டை அவன் தலையணைக்கடியில் செருகிவிட்டுப் போனேன்.

பரீட்சையில் முதல் கேள்விக்கு, எண் என்றால் என்ன என்பதிலிருந்து எழுதத் தொடங்கினானாம். கூடுதல் தாள் வாங்கிக்கொண்டே இருந்தானாம். மணி அடித்ததும் விடைத்தாளைப் பிடுங்கிய கண்காணிப்பாளரிடம், “சார், இப்பதான் கழித்தலுக்கு வந்திருக்கேன் சார்” என்று கெஞ்சியதை அவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

தாளும் போயிற்று, வேலையும் போயிற்று. புத்தகங்களை அரிசிச் சாக்கில் கட்டி முக்கூடல் பஸ்ஸில் ஏற்றினோம்.

“என்னவே அது, நெல்லா?” என்றார் கண்டக்டர்.

“இல்ல அண்ணாச்சி, கணக்கு.”

சில மாதம் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். அவன் உரக்கடையில் வேலைக்குப் போயிருந்தான். அம்மா மடியில் வைத்திருந்த சுளகிலிருந்து தலை நிமிராமல் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

“பரீச்சையில இவன் என்னத்தய்யா எழுதாம விட்டான்?”

“எல்லாம் எழுதினாம்மா. கேட்டதத்தான் எழுதல.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். அடுத்த இலையை எடுத்தாள்.

போன வாரம் அவனுக்குப் போன் பண்ணினேன். “எங்கன வந்திருக்கலே?”

“பின்னம் முடிஞ்சிட்டு. பைய வாரேன்.”

சாக்கில் கொள்ளாத அந்தத் தடிப் புத்தகம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. கங்கைகொண்டானில் என் மேசைமேல் இருக்கிறது. வேலைக்கு வேண்டியிருந்தால் பக்கத்து மேசையில் அதே புத்தகத்தை இரவல் வாங்கிக்கொள்கிறேன். இதைப் புரட்டினால் அவன் வைத்த முக்கூடல் பஸ் சீட்டு நழுவிவிடும்.