தாழ்ப்பாள் இல்லாத குளியலறை

நானும் அப்பாவும் வாழ்க்கையில் அதிகமாகப் பேசிக்கொண்ட இடம், அறந்தாங்கியில் எங்கள் வீட்டுக் குளியலறைதான். அவர் உள்ளே, நான் வெளியே. (முகம் பார்த்துப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டு ஆண்களுக்குக் கிடையாது.)

ஒரு மார்கழி விடியற்காலையில் குளிக்கப் போன அம்மா உள்ளேயே விழுந்துவிட்டாள். தாழ்ப்பாள் போட்டிருந்தது. நாங்கள் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதன் பிறகு தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவேன்.

மறு மார்கழி வந்ததும் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. தாழ்ப்பாளைக் கழற்றினேன். உட்கார்ந்து குளிக்க ஸ்டூல், வழுக்காமலிருக்க ரப்பர் விரிப்பு எல்லாம் வாங்கினேன். "வெந்நீய எடுத்ததும் தலைல ஊத்தாதீங்கப்பா, கால்லேருந்து ஆரம்பிங்க" என்று டாக்டர் சொன்னதை ஒப்பித்தேன். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரான அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். போதாததற்கு, வெளியே நின்று "அப்பா, இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

"இருக்கேன்" என்பார், வேண்டாவெறுப்பாக.

ஒருநாள் பதில் வரவில்லை. கதவைத் தள்ளினேன். உள்ளே ஏதோ கனமாகத் தடுத்தது. அம்மாவும் இப்படித்தான் கதவோரம் கிடந்தாள். "ஐயோ, அப்பாவும் போயிட்டாரே" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு தோளால் இடித்தேன். கதவு கீலோடு பெயர்ந்தது. வாளிகள் கவிழ்ந்து ஓடிய சோப்புத் தண்ணீரில் சறுக்கி, ரப்பர் விரிப்பைத் தாண்டிப் போய் விழுந்தேன். கால் முறிந்தது. (வழுக்காத விரிப்பு என்றுதான் கடைக்காரர் சொன்னார். அதில் கால் வைத்தால்தானே!)

தெருவே திரண்டு வந்தபோது, அப்பா இடுப்பில் துண்டோடு, கன்னம் உப்ப நின்றிருந்தார். வாயிலிருந்த உப்புத் தண்ணீரைத் துப்பினார்.

"பல்லு வலின்னு கொப்புளிச்சுக்கிட்டு இருந்தேன்டா. தாழ்ப்பாதான் இல்லையே, வாளி ரெண்டையும் கதவுக்கு முட்டு குடுத்தேன். ஒரு மனுசன மானமா குளிக்க விடமாட்டியா?"

எனக்கு வலியைவிட அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது.

"அம்மா மாதிரியே ஆயிருச்சுன்னு நெனைச்சேன்ப்பா."

அவர் குனிந்து என் தோளைத் தாங்கிப் பிடித்தார்.

மாவுக்கட்டோடு நான் அதே ஸ்டூலில் உட்கார்ந்து குளித்த நாட்களில், வெளியே காவல் நின்றவர் அப்பா. கட்டுப் பிரித்துக் காலம் ஆகிவிட்டது. இன்றும் யார் குளிக்கப் போனாலும் என் மனைவியும் பிள்ளைகளும் "இருக்கீங்களா?" என்று என்னைப் போலவே அலறிக் காட்டிச் சிரிக்கிறார்கள். அப்பா மட்டும் சிரிப்பதில்லை. நான் உள்ளே போனால் கதவருகே வந்து, "இருக்கியாடா?" என்கிறார். பதில் சொல்லும்வரை நகர்வதில்லை.