நேற்றே பார்த்துவிட்டவர்

பறவை பார்க்கக் கிளம்புகிறவர்களுக்குக் கொசு, உண்ணி, பாம்பு என்று பல தொல்லைகள் உண்டு. எல்லாவற்றையும்விடக் கொடியது 'நேற்றே பார்த்துவிட்டவர்' என்னும் இனம். அடையாளம் சொல்கிறேன், கேளுங்கள். வெயிலில் வெளுத்த தொப்பி, கழுத்தில் விலை உயர்ந்த பைனாகுலர், முகத்தில் உங்களுக்காக வருந்தும் ஒரு புன்னகை. எங்கள் தென்னாப்பிரிக்காவில் காலஹாரி மணலானாலும் சரி, வாக்கர்ஸ்ட்ரூம் புல்வெளியானாலும் சரி, செயின்ட் லூசியா சேறானாலும் சரி, நீங்கள் மூச்சிரைக்கப் போய்ச் சேரும்போது அவர் அங்கே காபி குடித்துக்கொண்டிருப்பார். "நேத்து வந்திருக்கணும் நீங்க" என்பார். காலி மரத்தைக் காட்டி, பறவை எப்படி இருந்தது என்று அரைமணி நேரம் விளக்குவார். யார் மறுக்க முடியும்? சாட்சிதான் பறந்துவிட்டதே.

எங்கள் எஷோவே பறவைச் சங்கத்துக்கு வாய்த்தவர் கோபுஸ்.

போன சனிக்கிழமை காட்டுக்குப் போனோம். நர்ஸ் தோக்கோசிலேவுக்கு எங்களோடு அதுதான் கடைசி நடை. மகளோடு இருக்க ஜோஹானஸ்பர்க் போகிறார். நரீனா தீக்காக்கையை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டுமென்று வருஷக்கணக்கில் ஏங்கியவர். அதுவோ மகா கள்ளப் பறவை. ஆளைக் கண்டால் சிவந்த வயிற்றை மறைத்துப் பச்சை முதுகைக் காட்டிக்கொண்டு, இலையோடு இலையாக உட்கார்ந்துவிடும்.

கோபுஸ் பாதையை மறித்து நின்றுகொண்டு, நேற்று அது எந்தக் கிளையில் இருந்தது, எப்படித் தலையைச் சாய்த்தது என்று ஆரம்பித்தார். தோக்கோசிலே கேட்கவில்லை. அவர் பார்வை கோபுஸின் தோளுக்கு மேலே போய் நின்றுவிட்டது. கண் கலங்கியிருந்தது.

"தம்பி, மெதுவாத் திரும்பு. உன் பின்னாலதான் இருக்கு."

அத்தனை பேரும் பைனாகுலரைத் தூக்கினோம். கோபுஸின் கையும் எழுந்தது, பாதியில் நின்றது. நேற்றே பார்த்தவர் இன்று வாயைப் பிளக்கலாமா?

"நீங்க பாருங்கக்கா. நான்தான் நேத்தே பார்த்துட்டேனே."

அவர் காது சிவந்தது. பறவை சாவகாசமாகத் திரும்பி உட்கார்ந்து, வயிற்றையும் காட்டிவிட்டுப் பறந்தது. பிறகுதான் கோபுஸ் திரும்பினார். கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் தோக்கோசிலே சந்தோஷத்தில் பேசிக்கொண்டே வந்தார். கோபுஸ் அவர் பக்கத்திலேயே, ஒரு கேள்வியும் கேட்க வழியில்லாமல் நடந்தார். எனக்கே பாவமாக இருந்தது.

நீங்கள் அந்த இனமில்லை என்கிறீர்கள். நல்லது. ஆனால் இதைப் பாதி படிக்கும்போதே, "இந்த மாதிரி ஆளை நான் முன்னாடியே பார்த்திருக்கேன்" என்று யாரிடமாவது சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அவசியம் எஷோவே வாருங்கள். கோபுஸுக்குப் பேச்சுத் துணையில்லை.