அட்டைப்பெட்டிக்குப் பின்னால் விழுந்த இரண்டு

திருப்பூர்
13.11.2006

பெங்களூரில் கம்ப்யூட்டரைக் கும்பிட்டுப் பிழைக்கும் மருதாசலம் மாமாவுக்கு, உங்கள் அக்கா மகன் கவின் பணிவோடு (ஆமாங்க, பணிவோடுதான்) எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். பனியன் ஊரில் இழுத்தால் எல்லாம் நீளும், என் மார்க்கைத் தவிர.

லீவுக்கு வந்தபோது நீங்கள் கொடுத்த கதை விளையாட்டில் பெரிய சிக்கல், மாமா. நாலு மாதமாக ஞாயிறுதோறும் நம் பனியன் கம்பெனி மேசையில்தான் ஆடுகிறோம். நான் கதை நடத்துபவன், டெய்லர் சுடலை அண்ணன் மகள் வேல்விழி வில்லாளி, அவள் தம்பி அருண்பாண்டி மந்திரவாதி. என்ன செய்கிறோம் என்று அவர்கள் சொல்ல, அது நடக்குமா என்று அட்டைப்பெட்டிக்குப் பின்னால் இருபது முகப் பகடையை உருட்டி நான் சொல்வேன், அவர்கள் நம்புவார்கள். செக்கிங் அக்காமார் பனியனில் குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்களே, அதையே நாங்கள் விளையாட்டோடு வந்த விதிப் புத்தகத்தில் பிடிக்காத விதிமேல் ஒட்டுவோம். ஒட்டினால் மூவரும் பேசி மாற்றிக்கொள்வோம். இதுவரை பதினொரு விதிகள் ஆல்ட்டர் ஆகியும் சண்டையே வந்ததில்லை.

நேற்று வந்தது. வேல்விழியின் வில்லாளி எரியும் பாலத்திலிருந்து குதித்தாள். பத்துக்குக் குறைந்தால் சாவு. உருட்டினேன். இரண்டு! நாலு மாதம் வளர்த்த ஆள், மாமா. வேல்விழி நகத்தைக் கடித்தபடி என் முகத்தையே பார்க்கிறாள். என் வாய் தானாகப் "பதினேழு" என்றது. அவள் துள்ளினாள். விழுந்த பென்சிலை எடுக்க என் பக்கம் குனிந்திருந்த அருண்பாண்டி நிமிர்ந்து, "எக்கா, இங்க ரெண்டுல்லா கெடக்கு!" என்றான்.

அவள் கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். மெதுவாகக் கேட்டாள்: "அப்ப போன மாசம் அந்த ராட்சசனக் கொன்னது நானா, நீயா?"

"நீதான் புள்ள, சத்தியமா. இன்னிக்கு மட்டுந்தான்..."

"வாத்தியார் சட்டையில டபுள் எக்ஸ்எல் ஸ்டிக்கர ஒட்டிட்டு, நானில்லன்னு சத்தியம் பண்ணுனவந்தானல நீ?"

ஓர் அம்பு ஸ்டிக்கரை உரித்து என் நெற்றியில் ஒட்டிவிட்டு, தம்பியை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்படியே வீட்டுக்கு வந்தேன். "ஏங் கண்ணு, உன்னையுமா ரிஜெக்ட் பண்ணிப்போட்டாங்க?" என்கிறார் அம்மா.

இனி ஆட வரமாட்டாளாம். விளையாட்டு போனால் போகட்டும். அவள் பேசாத ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அதனால் கதை நடத்துபவன் பகடையை மறைத்து உருட்டலாம், எண்ணை மாற்றலாம், யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று உங்கள் கையெழுத்தில் உடனே எழுதுங்கள்.

அத்தைக்கு வணக்கமும், உங்கள் தொப்பைக்கு நீண்ட ஆயுளும் வேண்டும்,
கவின்

பி.கு.: இன்று அடுத்த ஞாயிறு. கடிதத்தைத் தபாலில் போடாமல் வேல்விழியிடமே காட்டிவிட்டேன். படித்தாள். "இனிமே கதைய நான் நடத்துதேன், நீ ஆடுல" என்றாள். இப்போது என் ஆள் பாழுங்கிணற்றில் பாதி அறுந்த கயிற்றில் தொங்குகிறான். பெட்டிக்குப் பின்னால் உருட்டினாள், பார்த்தாள், கையால் மூடிக்கொண்டாள். ஐந்து நிமிடமாகிறது. மாமா, மேலே கேட்டதையெல்லாம் அடித்துவிடுங்கள். பகடையை எல்லோர் கண்முன்னால்தான் உருட்ட வேண்டும் என்று எழுதி, கூரியரில் அனுப்புங்கள்! "என்னைய நம்புதியா?" என்கிறாள். நம்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். இன்னும் எண்ணைச் சொல்லவில்லை.